கியர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்

கே: ‘2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்’ படத்தில் கதையே இல்லை, முதல் பாகத்தில் கலக்கிய வின் டீசலும் இல்லை. ஆனாலும் டிவியில் போட்டால் சேனல் மாற்ற மனசு வருவதில்லையே, ஏன்?
– வாசகர், பெரம்பூர்

ப: எனக்கும் அதே வியாதிதான். 2003-ல் வந்த படம். போலீஸ் வேலையை விட்ட பால் வாக்கர் மயாமியில் ரேஸ் ஓட்டிப் பிழைக்கிறார். ஒரு கடத்தல்காரனைப் பிடிக்க உதவினால் பழைய வழக்கை விட்டுவிடுகிறோம் என்று அதிகாரிகள் சொல்ல, பழைய நண்பர் டைரீஸ் கிப்சனைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறார். அவ்வளவுதான், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். ஆனால் தூக்கிய பாலத்தில் கார் தாவுகிற அந்த ஆரம்ப ரேஸும், கடைசியில் காரோடு போய்ப் படகின் மேல் விழுவதும், நடுவே இரண்டு பேரும் ஓயாமல் முட்டிக்கொள்வதும் அப்படியே நம்ம ஊர் மசாலாதான், லாஜிக்கைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உட்கார வேண்டும். கியர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மொத்தம் எத்தனை கியர் என்று எண்ணிப் பார்த்துத் தோற்றவன் நான். இதில் வேடிக்கை, இதை இயக்கிய ஜான் சிங்கிள்டன் தன் முதல் படத்துக்கே சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர்!

கே: இந்த மாதிரிப் படம் பார்த்துவிட்டு என் தம்பி ராத்திரியில் ஈ.சி.ஆரில் பைக் ரேஸ் போகிறேன் என்கிறான்.
– வாசகி, திருவான்மியூர்

ப: முதலில் சாவியை ஒளித்து வையுங்கள். 2024-ல் நம்ம தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 ரேஸ் நடந்ததே, அதுவும் ரோட்டை அடைத்து, தடுப்பு வைத்துத்தான். ரொம்ப ஆசையென்றால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது, அங்கே எதிரே தண்ணீர் லாரி வராது.