டான்சானியாவுல டீச்சர் வேலை, பொண்ண அனுப்பலாமா? கள்ளக்குறிச்சி அப்பாவுக்கு என் பதில்

அண்ணே வணக்கம். உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு எம்எஸ்சி ஃபிசிக்ஸ், பிஎட், இங்க மெட்ரிக் ஸ்கூல்ல குடுக்குற சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போகுது, டான்சானியாவுல ம்வான்சா பக்கம் ஒரு ப்ரைவேட் செகண்டரி ஸ்கூல்ல இருந்து ஆஃபர் வந்திருக்கு, ஏஜென்ட் பணத்த கட்டு கட்டுன்னு அவசரப்படுத்துறாரு, சொந்தக்காரங்க "ஆப்பிரிக்காவுக்கா, அதுவும் பொம்பளப்பிள்ளையவா"ன்னு கேக்குறாங்க, இதான விஷயம். என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன். பொண்ணு போகலாம். ஆனா அந்த ஏஜென்ட் சொல்ற வழியில போகவே கூடாது.

நீங்க எழுதுனதுல ஒரு வரி மட்டும் எனக்கு ஒத்துக்கல. "படிப்பு வாசனையே இல்லாத நாடு"ன்னு போட்டிருக்கீங்க. அந்த நாட்டோட முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே ஸ்கூல் வாத்தியாரா இருந்தவருண்ணே, இன்னைக்கும் ஜனங்க அவர வாத்தியாருன்னு சொல்லித்தான் கூப்பிடுறாங்க. 1967லயே நம்ம நாட்டுக்கு எந்த மாதிரி படிப்பு வேணும்னு உக்காந்து எழுதி, 70கள்ல கிராமம் கிராமமா ப்ரைமரி ஸ்கூல் தொறந்தாங்க, அப்புறம் 80கள்ல நாடு கடன்ல மாட்டி, ஸ்கூல் ஃபீஸ் வந்து, ஏழைப்பசங்க நின்னுட்டாங்க. திரும்ப 2000த்துக்கு மேல ப்ரைமரிக்கு ஃபீஸ எடுத்தாங்க, 2016ல ஃபார்ம் 4 வரைக்கும், 2022ல ஃபார்ம் 6 வரைக்கும் எடுத்தாங்க. ஃபார்ம் 4னா நம்ம எஸ்எஸ்எல்சி மாதிரின்னு வச்சுக்கோங்க, ஃபார்ம் 6 ப்ளஸ் டூ. ஃபீஸ் இல்லன்னதும் பசங்க வெள்ளமா வந்துட்டாங்க, க்ளாஸ் ரூமும் வாத்தியாரும் அந்த வேகத்துல வரல. சில அரசு ஸ்கூல்ல ஒரே ரூம்ல நூறு பிள்ளைங்களுக்கு மேல உக்காந்திருக்கும். ஸ்கூலுக்கு வர ஆசையில்லாம யாரும் இல்ல, வந்த பிள்ளைக்கு சொல்லிக்குடுக்க முடியல, பிரச்சனை அங்கதான்.

அதுல பெரிய முட்டுக்கட்டை எதுன்னா மொழி. இத நீங்க நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா உங்க பொண்ணு விஷயமே இதுலதான் இருக்கு. அரசு ப்ரைமரில ஏழாவது வரைக்கும் எல்லாமே அந்த நாட்டுப் பொதுமொழியான சுவாஹிலி, இங்கிலீஷ் ஒரு பாடம் மட்டும்தான். பரீட்சை முடிஞ்சு ஜனவரியில ஃபார்ம் 1ல போய் உக்காந்தா, சுவாஹிலி பாடத்த தவிர கணக்கு, ஃபிசிக்ஸ், வரலாறு அத்தனையும் ஒரே நாள்ல இங்கிலீஷுக்கு மாறிடும். போன வருஷம் வெளிச்சத்த பத்தி தன் மொழியில அழகா எழுதுன பிள்ளை, இந்த வருஷம் ரிஃப்ளெக்ஷன், ஆங்கிள் ஆஃப் இன்சிடென்ஸ்னு போர்டுல எழுதுனத பாத்து நோட்டுல வரைஞ்சுக்கிட்டு இருக்கும், எழுத்து சரியா இருக்கும், ஒரு வார்த்தை உள்ள போயிருக்காது. வாத்தியாரும் பாவம் பாத்து சுவாஹிலில விளக்குவாரு, ஆனா பரீட்சை பேப்பர் இங்கிலீஷ்லதான் வரும், அங்க போய் பிள்ளை மாட்டிக்கும். ஃபார்ம் 4 தேசியப் பரீட்சையில 2023லயும் 2024லயும் கணக்குல பாஸ் ஆனது ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான். இதுக்கு வாத்தியார் பற்றாக்குறை, லேப் இல்லாததுன்னு வேற காரணமும் இருக்கு, ஆனா மொழிய விட்டுட்டு மத்தத மட்டும் சரி பண்ணா பத்தாதுங்கிறது என் திடமான அபிப்ராயம்.

இப்ப உங்க பொண்ணுக்கு வாங்க. "தமிழ் மீடியத்துல படிச்சவ, இங்கிலீஷ் சரளமா வராது, அங்க போய் என்ன பண்ணுவா"ன்னு கவலப்பட்டிருக்கீங்க. அண்ணே, ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்ல படிச்சுட்டு பிஎஸ்சி ஃபர்ஸ்ட் இயர்ல திடீர்னு இங்கிலீஷ் லெக்சர்ல உக்காந்து, ஒண்ணுமே புரியாம, டிக்‌ஷனரி வச்சு ஒவ்வொரு வரியா படிச்சு, எம்எஸ்சி வரைக்கும் ஏறி வந்த பொண்ணு அது. ஃபார்ம் 1 பிள்ளை முழிக்கிற முழி எதனாலன்னு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். ஸ்டைலா இங்கிலீஷ் பேசுற டீச்சர விட, எந்த எடத்துல வார்த்தை இடிக்குது, எந்த எடத்துல கணக்கு இடிக்குதுன்னு பிரிச்சு பாக்கத் தெரிஞ்ச டீச்சர்தான் அந்தப் பிள்ளைங்களுக்கு வேணும். இப்பவே சுவாஹிலி கத்துக்க ஆரம்பிக்கச் சொல்லுங்க, ஃபிசிக்ஸுக்கு வேண்டிய எடை, வெளிச்சம், சூடு, வேகம் இந்த மாதிரி வார்த்தைங்கள முதல்ல பிடிக்கட்டும். அப்புறம் ஒண்ணு, அங்க சுவாஹிலில மணி சொன்னா காலை ஏழு மணிதான் ஒரு மணி. "ரெண்டு மணிக்கு க்ளாஸ்"னு யாராவது சொன்னா எட்டு மணிக்கு போய் நிக்கணும், முதல் வாரத்துல நெறைய பேர் குழம்புறது இதுலதான்.

உள்ளூர்ல டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவங்களே வேலை இல்லாம இருக்காங்களாமேன்னு கேட்டிருந்தீங்க, உண்மைதான், அரசாங்கத்துக்கு எல்லாரையும் எடுக்க காசு பத்தல, அதுலயும் ஆர்ட்ஸ் பாடம் எடுத்தவங்கதான் அதிகம். கணக்கு, சயின்ஸுக்குத்தான் ஆள் இல்ல. வெளிநாட்டுக்காரங்களுக்கான அவங்க 2015 சட்டத்துலயே க்ளாஸ் பி வொர்க் பர்மிட்ல கணக்கு, சயின்ஸ் வாத்தியார்ங்கள தனியா சேத்திருக்காங்க, உங்க பொண்ணு அதுல வர்றா. ஆனா அதே சட்டம், வெளியாள எடுக்குற முதலாளி அந்த வேலைக்கு உள்ளூர் ஆள எப்படி தயார் பண்ணப்போறோம்னு திட்டம் குடுக்கணும்னும் சொல்லுது, பர்மிட்டும் பொதுவா சில வருஷத்துக்கு மேல போகாது. எனக்கு அது நியாயமாத்தான் படுது. ஆயுசுக்கும் செட்டில் ஆகுற வேலையா இத நினைக்காதீங்க. கூட வேலை பாக்குற சின்ன வயசு உள்ளூர் டீச்சருக்கு லேப் செய்முறை சொல்லிக்குடுத்துட்டு வந்தா, அந்த அனுபவத்த வச்சு இங்க இன்டர்நேஷனல் ஸ்கூலோ, டீச்சர் ட்ரெய்னிங் வேலையோ தேடலாம்.

பொம்பளப்பிள்ளைங்கிற பயத்துக்கு வர்றேன். ஐஐடி மெட்ராஸ் 2023ல சான்சிபார்ல கேம்பஸ் தொறந்துச்சுல்ல, அதுவும் டான்சானியாதான், அதுக்கு டைரக்டரா போனது ப்ரீத்தி அகாலயம்னு ஒரு அம்மா, ஐஐடி வரலாற்றுலயே முதல் பெண் டைரக்டர். அதோட அங்க பொண்ணுங்களுக்கு சயின்ஸ் எடுக்க ஒரு பெண் டீச்சர் இருக்குறது பெரிய விஷயம்ணே. கர்ப்பமான மாணவிய ஸ்கூல விட்டே அனுப்பிட்டு இருந்தாங்க, 2021 நவம்பர்லதான் பிரசவத்துக்கு அப்புறம் திரும்ப வந்து படிக்கலாம்னு மாத்துனாங்க. அந்தப் பொண்ணுங்களுக்கு மனசு விட்டுப் பேச ஒரு டீச்சர் வேணும்.

அதுக்காக ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2025 அக்டோபர் 29 தேர்தலப்ப டார் எஸ் சலாம்ல கலவரமாகி ஊரடங்கு போட்டு, நாடு முழுக்க இன்டர்நெட்ட கட் பண்ணாங்க, வீட்டுக்கு ஃபோன் பண்ண முடியாம தவிச்சவங்க நெறைய. ம்வான்சா விக்டோரியா ஏரிக்கரை ஊருங்கிறதால மலேரியாவும் உண்டு, கொசுவல, மாத்திரை விஷயத்த டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் கிளம்பணும். ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள குவார்ட்டர்ஸ் குடுக்குறாங்களா, கூட வேற இந்திய டீச்சருங்க இருக்காங்களான்னு கேளுங்க, இருந்தா அவங்ககிட்ட வீடியோ கால்ல நீங்களே பேசுங்க.

ஏஜென்ட் கதைதான் எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. "விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்"னு சொல்றாருல்ல, அதுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, அப்படிப் போய் வேலை பாத்தா சட்டப்படி குத்தம், புடிச்சா உங்க பொண்ணுதான் மாட்டுவா, ஏஜென்ட் ஃபோன எடுக்க மாட்டாரு. வொர்க் பர்மிட், ரெசிடென்ஸ் பர்மிட் ரெண்டும் ஸ்கூல்தான் எடுத்துத் தரணும், வொர்க் பர்மிட் காப்பி கையில வராம டிக்கெட் போடாதீங்க. வெளிநாட்டு வேலைக்குன்னு நம்ம மத்திய அரசு நடத்துற இ-மைக்ரேட் சைட்ல அவரு பதிவு பண்ண ஏஜென்டான்னு பாருங்க, பதிவு பண்ணவரே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக்கூடாது, உங்ககிட்ட கேட்டிருக்குற தொகை அதுக்கு மேல எங்கயோ இருக்கு. சம்பளம் டாலர்லயா ஷில்லிங்லயா, என்எஸ்எஸ்எஃப் (நம்ம பிஎஃப் மாதிரி அங்க சம்பளத்துல பிடிக்கிறது), வருமான வரி போக கையில எவ்வளவு, வருஷத்துக்கு ஒரு தடவ டிக்கெட் யார் குடுப்பாங்க, நடுவுல வேலைய விட்டா என்ன, பாஸ்போர்ட் யார் கையில இருக்கும், இதெல்லாம் எழுத்துல வேணும். பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குற ஸ்கூலா இருந்தா அந்த ஆஃபரே வேணாம்.

ஐடிஐ ஃபிட்டர் முடிச்ச பையனையும் கூடவே அனுப்பலாமான்னு கேட்டீங்க. வேணாம்ணே. ஃபார்ம் 4 முடிச்சு மேல போக முடியாம நிக்குற பசங்க அங்க ஏராளம், வேட்டாங்கிற அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள்ல எல்லாருக்கும் சீட் இல்ல, அதுக்குத்தான் அவங்க புதுக் கல்விக் கொள்கையில செகண்டரிலயே தொழிற்கல்விய கொண்டு வர்றாங்க. அவங்க பிள்ளைங்க செய்யக்கூடிய வேலைக்கு வெளியாளுக்கு பர்மிட் கிடைக்கிறது கஷ்டம். பையன் இங்கயே அப்ரென்டிஸ் முடிக்கட்டும், அவனுக்கு தனியா பேசுவோம்.

அங்க ஸ்கூல் வருஷம் ஜனவரியிலதான் தொடங்குது, அதனால யாரு அவசரப்படுத்துனாலும் பதறாதீங்க. ஆஃபர் லெட்டர எல்லா பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. உங்க பொண்ண ஒளி பாடத்துல ஒரு இருபது நிமிஷ க்ளாஸ், இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு எடுக்குற மாதிரி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, பாத்துட்டு அவகிட்டயே பேசுறேன். அதுவரைக்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபா குடுக்காதீங்க.