ராஜினாமா மெயில் போடச் சொல்கிறார்கள், போடலாமா? – வேலைத் தகராறு கேள்வி-பதில்

சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. எச்.ஆர். அறையில் உட்காரவைத்து, 'இப்பவே மெயில் போட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்' என்கிறார்கள். என்ன செய்வது?

போடாதீர்கள். போட்டால் நீங்களே விலகியதாகிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பாகிவிடும். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அன்றைக்கே 'விருப்பப்பட்டுத் தந்ததல்ல, திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதுங்கள். அறையில் யார் யார் இருந்தார்கள், மணி என்ன, என்ன பேசினார்கள் என்பதும் அதில் வரட்டும். சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள். ஆபீஸ் மெயிலை எந்த நிமிடமும் முடக்கிவிடுவார்கள். நகலை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பத்து நாள் கழித்து எழுதினால், 'அதுவரை ஏன் சும்மா இருந்தீர்கள்?' என்றுதான் குறுக்கு விசாரணை தொடங்கும்.

நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம் ஆகியவற்றின் நகல் போதும். ஆத்திரத்தில் கிளையண்ட் கோப்புகளை அள்ளி வந்தால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

நீக்கியேவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. முன்பு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அது 2 ஆண்டு. 'ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது' என்பது வெறும் வதந்தி. விலக்கு எதுவும் இல்லை என்று தமிழக அரசே 2016-இல் தெளிவுபடுத்திவிட்டது. 'டீம் லீட்' என்ற பட்டத்துக்கும் பயப்பட வேண்டாம், உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆட்களை நிர்வகிப்பதே முக்கிய வேலை என்றால் இந்தப் பாதை அடைபடும், சிவில் நீதிமன்றம்தான்.

அம்பத்தூர் தொழிற்சாலையில் 4 வருடம் 10 மாதம் வேலை. 5 வருடம் முடியாததால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாதாமே?

கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க ஆண்டுக்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும் என்பதால் உங்களுக்கு 75,000. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் இப்போது கணக்கில் சேரும். 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டியும் உண்டு.

மேலாளர் தொல்லை தருகிறார். பாலியல் புகாரை யாரிடம் கொடுப்பது?

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம். குறைவென்றால், அல்லது முதலாளியே எதிராளி என்றால், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம் கெடு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். எழுத்துமூலமாக, சாட்சிகளின் பெயர் முகவரியோடு, 6 நகல். எச்.ஆரிடம் வாயால் சொன்னது புகாராகாது. விசாரணை முடியும்வரை வேறு பிரிவுக்கு மாற்றவோ, 3 மாதம்வரை விடுப்புத் தரவோ கோரலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 15100-ஐ அழையுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். சமரச அதிகாரியிடம் போக வக்கீலே தேவையில்லை.