வேப்பிலைச் சாற்றில் செய்த ஜிங்க் ஆக்சைடு பழுப்பாக வருகிறது என்றவருக்கு

வேப்பிலைச் சாறும் ஜிங்க் நைட்ரேட்டும் சேர்த்துச் செய்த பொடி வெள்ளையாக இல்லை, ஆனால் பாக்டீரியா வளர்க்கும் அகார் (கூழ்) தட்டில் பொடியைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் நன்றாக விழுகிறது என்கிறீர்கள். பழுப்பு நிறம் பெரும்பாலும் இலையிலிருந்து வந்த கரிமப் பொருள்தான், 80 டிகிரியில் உலர்த்தினால் போகாது. மஃபிள் உலையில் (அதிக வெப்பம் தரும் ஆய்வக மின் உலை) 450 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள். அப்புறம் எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரை வைத்துப் படிக அமைப்பைக் காணும் சோதனை) ஜிங்க் ஆக்சைடுக்கு உரிய உச்சங்கள் 31.8, 34.4, 36.3 டிகிரி கோணங்கள் பக்கம் வருகின்றனவா பாருங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த வட்டம்தான். சரியாகக் கழுவாமல் விட்ட ஜிங்க் அயனியே பாக்டீரியாவைக் கொல்லும், வேப்பிலைச் சாறும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொல்லும், அதனால் சாறு மட்டும், ஜிங்க் நைட்ரேட் மட்டும் என்று ஒப்பீட்டுக்குத் தனியாக வைக்காவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். கரையாத துகள் அகாரில் சரியாகப் பரவாது, அதனால் திரவ ஊடகத்தில் எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பார்த்துவிடுங்கள்.