மதியத்துக்குள் தண்ணீர் விடும் வெள்ளரி சாலட்

உப்பையும் எலுமிச்சைச் சாறையும் தனியாக எடுத்துப் போய்ச் சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள். காலை 7 மணிக்குச் செய்த வெள்ளரி தக்காளி சாலட் மதியம் குளமாகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் உப்புதான் காரணம். வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், உப்பு பட்டதுமே அது வெளியேற ஆரம்பித்துவிடும்.

சந்தேகமாக இருந்தால் ஒரே வெள்ளரியை நறுக்கி இரண்டு கிண்ணங்களில் போட்டு, ஒன்றில் மட்டும் உப்பு தூவி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு போட்டதில் அடியில் தண்ணீர் தேங்கி, துண்டுகள் துவண்டு வளையும்.

காலையிலேயே கலந்துதான் ஆக வேண்டும் என்றால், விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்துவிட்டு, உப்பு தூவி 20 நிமிடம் வடிகட்டியில் வைத்து, அப்புறம் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தக்காளியின் விதைக்கூழையும் எடுத்துவிடலாம். மறுபடி உப்பு போடுவதற்கு முன் ஒரு துண்டு தின்று பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

ஒன்று முக்கியம். நறுக்கிய காயை, அதிலும் தயிரோ வேகவைத்த முட்டையோ சேர்த்ததை, 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் டப்பாவோடு ஐஸ் பேக் வைத்துக் கொண்டுபோங்கள்.