துணிகளுக்கு டிசைன் வரைவதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஓவியராக வாழ முடியுமா?

முடியும். 13 வருடமாக என் வீட்டு அரிசி பருப்பு இதில்தான் ஓடுகிறது. ஆனால் கேள்வியில் "ஓவியராக" என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அதனால்தான் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

நான் திருப்பூர்க்காரி. ஓவியம் படித்துவிட்டு ஒரு ஏற்றுமதி கம்பெனியின் டிசைன் ரூமில் ஏழு வருடம் இருந்தேன். மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறேன். பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தைகள் உடுப்பு, அதிலும் ஆல் ஓவர் பிரிண்ட். பனியனில் நெஞ்சுக்கு நேராக ஒரு கரடி இருக்குமே, அது வேறு ஆட்கள் செய்வது. துணி முழுக்கக் கரடியாக இருந்தால் அது என் மாதிரி ஆள் வரைந்தது.

கல்லூரியில் வரைந்த படத்துக்கு நான்கு ஓரம் இருந்தது. இங்கே அது கிடையாது. துணி ஓடிக்கொண்டே இருக்கும், நாம் வரைந்த ஒரே கட்டம் அதில் திரும்பத் திரும்ப விழும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் யார் கண்ணுக்கும் படக்கூடாது. இதைத்தான் ரிப்பீட் என்கிறோம். துணியில் அச்சடிக்கும் ரோட்டரி மெஷினில் நிக்கல் தகட்டாலான குழாய் போன்ற ஸ்கிரீன் சுற்றும். உள்ளேயிருந்து சாயப்பசை மிகச் சிறிய துளைகள் வழியாகத் துணியில் இறங்கும். வழக்கமாகக் கிடைக்கும் ஸ்கிரீனின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். ஆகவே டிசைனின் உயரம் 64 இருக்க வேண்டும், அல்லது 32, 16 என்று 64-ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். 40 சென்டிமீட்டரில்தான் அழகாக வருகிறது என்று அடம்பிடித்தால் மெஷின் கேட்காது.

செய்து பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளின் நடுவில், ஓரத்தைத் தொடாமல், நாலைந்து பூ வரையுங்கள். தாளை நெடுக்கில் பாதியாக வெட்டி, இடப்பக்கத்தை வலப்பக்கம் கொண்டுபோய் ஒட்டுங்கள். பிறகு குறுக்கே வெட்டி, மேல் பாதியைக் கீழே வையுங்கள். இப்போது வெட்டுப்பட்ட பூக்கள் ஓரங்களுக்குப் போயிருக்கும், நடுவில் காலியிடம் வந்திருக்கும். அங்கே இன்னும் கொஞ்சம் வரைந்து நிரப்புங்கள். நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி ஒட்டி வைத்தால் பாதிப் பூக்கள் தானாகச் சேர்ந்துகொள்ளும். போட்டோஷாப்பில் ஆஃப்செட் என்று இருப்பதும் இதே வேலைதான்.

சேர்க்கப் பத்து நிமிடம் போதும். சேர்த்தது தெரியாமல் இருக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இந்த வேலை என்றாலே உடனே எல்லோரும் "கோலம் போட்டுப் பழகியிருப்பீங்க" என்பார்கள். எனக்கு ஐந்து புள்ளிக்கு மேல் கோலம் வராது. என் பள்ளிக்கூடம் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆசாரம், அதாவது கூடம். பூப்போட்ட சிமெண்ட் கல் பதித்த தரை; நாலு கல் சேர்ந்தால் ஒரு முழுப் பூ. அதில் ஒரே ஒரு கல்லைக் கொத்தனார் திருப்பி வைத்துவிட்டார். லீவுக்குப் போகும்போதெல்லாம் மற்றக் கல்லெல்லாம் மறந்து அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பிசகைத்தான் கண் முதலில் பிடிக்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது, ஆனாலும் வேலையில் மாட்டினேன்.

சேர்ந்த இரண்டாவது வருடம். முருங்கைப்பூக் கொத்துகள் வரைந்திருந்தேன், வெளிர் மஞ்சள் தரையில் (பின்னணி நிறத்தைத் தரை என்போம்) வெள்ளையும் பச்சையும். சாம்பிள் துண்டு வந்தபோது மேஜையில் விரித்து நிறம் சரியா என்று மட்டும் பார்த்து ஓகே சொல்லிவிட்டோம். 120 கிலோ அடித்து முடித்தார்கள். (பனியன் துணிக்கு மீட்டர் கணக்கில்லை, கிலோதான்.) பிரிண்டிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, துணியை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தொங்கவிட்டார். "அம்மணி, அந்த வேப்பமரத்துக்கிட்டப் போய் நின்னு பாருங்க" என்றார். போய் நின்றேன். பூவே தெரியவில்லை. துணியின் மேலிருந்து கீழ்வரை சாய்வாக, ஒற்றையடிப் பாதை மாதிரி வெற்றிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு கொத்துக்கு நடுவில் நான் விட்ட விரற்கடை இடைவெளி, கட்டத்துக்குக் கட்டம் கைகோத்துப் பாதையாகிவிட்டது. மாஸ்டர் திட்டவில்லை. "கிட்ட நல்லாத்தானுங்க இருக்குது" என்றார், அதுதான் சுருக்கென்றது. அந்தத் துணி கடைசியில், ஏற்றுமதிக்குப் போகாத உடுப்புகள் விற்கும் காதர்பேட்டையில் அரை டிராயராக விற்றது. அன்று முதல் எந்த டிசைனையும் ஒன்பது கட்டமாக அடுக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தூரத்திலிருந்து பார்க்காமல் அனுப்புவதில்லை.

அடுத்தது யானை. யானைக் கூட்டம் ஒன்று வரைந்தேன், எல்லாம் கால் கீழே, தலை மேலே, யானை நிற்க வேண்டியபடி. கட்டிங் மாஸ்டர் கேட்டார்: "ஏனுங்க, பாதி யானையத் தலைகீழாப் போடுங்களேன்?" விளையாடுகிறார் என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், துணியை அடுக்கி வெட்டும்போது முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் இண்டு இடுக்கில் தலைமாற்றி அடுக்கித்தான் துணியை மிச்சம் பிடிப்பார்கள். யானை ஒரே திசையில் நின்றால் தலைமாற்ற முடியாது. மாற்றினால் முதுகுப்பக்க யானை கவிழ்ந்து நிற்கும். மாற்றாவிட்டால் ஒரு உடுப்புக்கு ஆகும் துணி கூடும், பையர் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்) விலையை ஏற்ற மாட்டார், ஆர்டர் போகும். அதனால் பாதியைக் கவிழ்த்தே வரைகிறோம். உங்கள் வீட்டுக் குழந்தை சட்டையில் பாதி யானை தலைகீழாக இருந்தால், அது கட்டிங் மாஸ்டருக்காக வரைந்த யானை.

நிறமும் இப்படித்தான். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஸ்கிரீன் கூடினால் காசு கூடும். ஒன்பது நிறத்தில் வரைந்ததை ஆறாக்கு என்பார்கள், ஆறை நாலாக்கு என்பார்கள். முதலில் அழுகையாக வரும். பிறகு கை வேறு வழி தேடிக்கொண்டது: நிழலுக்குத் தனி நிறம் வைக்காமல் புள்ளிகளால் காட்டுவது, மஞ்சள் மேல் நீலத்தை ஏறவிட்டுப் பச்சையை இலவசமாக எடுப்பது. பனியன் துணி இழுபடும், அதனால் இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் ஒன்றை மற்றதின் கீழே கொஞ்சம் நுழைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பூவுக்கும் காம்புக்கும் நடுவில் வெள்ளைக்கோடு பல்லிளிக்கும். இப்போது டிஜிட்டல் பிரிண்ட்டில் 64-உம் கிடையாது, நிறத்துக்குக் கணக்கும் கிடையாது. நல்லதுதான். ஆனால் நாலு நிறத்தில் பழகாமல் நேரே அதற்குள் வந்தவர்கள் டிசைனைப் பார்த்தால், எனக்கென்னவோ எல்லாம் கொஞ்சம் தின்று தெவிட்டிய மாதிரி இருக்கிறது. வயசாகிவிட்டதோ என்னவோ.

பையர் கமெண்ட் என்று ஒன்று உண்டு. "பூ அழகு, ஆனால் பூவாக இருக்க வேண்டாம்" என்று ஒரு தடவை வந்தது. இதில் மனம் நோகும்போதெல்லாம் நான் 1643-ஐ நினைத்துக்கொள்வேன். அந்த வருடம் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் அனுப்பும் சித்திரத் துணி பெரும்பாலும் மங்கலான சிவப்புத் தரையாக இருக்கிறது, எல்லோருக்கும் பிடிக்கவில்லை, இனிமேல் வெள்ளைத் தரை அதிகமாக வேண்டும், நடுவில் பூவும் கிளையும் ஓவியர் இஷ்டப்படி இருக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். அப்படியே இன்று காலை வந்த மெயில். "ஓவியர் இஷ்டப்படி" என்ற வரி மட்டும் இப்போதெல்லாம் வருவதில்லை. நம் பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்பார்களே, அந்தச் சீட்டியும், இந்த மாதிரிப் பூத்துணிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சின்ட்ஸும் ஒரே இந்தி வார்த்தையிலிருந்து வந்தவைதான்.

குளிர்கால உடுப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால் வரைய வேண்டும். எனவே சித்திரை வெயிலில், கரண்ட் போன மத்தியானத்தில், நான் பனிமனிதனுக்குக் கழுத்துத்துண்டு கட்டிக்கொண்டிருப்பேன். நேரில் பனி பார்த்ததில்லை. ஆனால் சின்னப் பூ கேட்டால் தெருவில் இறங்கிவிடுவேன். ஒரு தடவை "புல்வெளியில் பூக்கும் பொடி வெள்ளைப்பூ" என்று கேட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் தும்பை. பறித்து வந்து, டம்ளர் தண்ணீரில் போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தண்டைச் சுற்றிப் பச்சை முடிச்சு, அதிலிருந்து நாக்கை நீட்டிய மாதிரி ஒவ்வொன்றாக வெள்ளை இதழ். எறும்பு ஒன்று உள்ளேயே இருந்தது. வாடுவதற்குள் பன்னிரண்டு வரைந்தேன். ஃபைலுக்குத் "தும்பை 3" என்று பெயர் வைத்து அனுப்பினேன். ஆர்டர் ஷீட்டில் "டெய்சி" என்று திரும்பி வந்தது. திருத்தவில்லை. ஏதோ ஒரு ஊரில் தும்பைப்பூ போட்டுக்கொண்டு ஒரு குழந்தை தூங்குகிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. சில நாள் அப்படித் தோன்றாது.

ஏனென்றால் பெயர் எங்கும் வராது. சட்டையின் லேபிளில் பருத்தி எத்தனை சதவீதம் என்று இருக்கும், வரைந்தவர் பெயருக்கு இடமில்லை. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். துணி டிசைனை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தால் 10 வருடமும், நீட்டித்தால் மேலும் 5 வருடமும் உரிமை. வெளியிடும் முன்பே பதிய வேண்டும், இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் பிறகு போனால் சிக்கல். பதியத் தகுதியானதைப் பதியாமல் விட்டு, அது தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் அடிக்கப்பட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி அந்த டிசைனில் இருந்த பதிப்புரிமையும் போய்விடும். திருப்பூரில் 50 என்பது டீ ஆறுவதற்குள் முடிகிற எண்ணிக்கை. என் டிசைன் ஒன்று நிறம் மாறி வேறொரு கம்பெனி நைட்டியாக வந்ததைப் பார்த்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேனா என்பது வேறு கதை.

பணம்: முதல் சம்பளம் 9,000 ரூபாய். இப்போது ஒரு டிசைனுக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன், மாதத்துக்கு ஏழெட்டு ஓடினால் குடும்பத்துக்குக் குறையில்லை. ஆர்டர் படுத்துவிட்டால் இரண்டு மாதம் ஒன்றும் வராது. வரைந்து கொடுத்துவிட்டு "பையர் எடுத்தால்தான் காசு" என்பவர்களிடம் போகாதீர்கள்.

இது கலையா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு ஒன்று. சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறதே, 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் உண்டாக்கியது, அந்த நிலம் வாங்கப் பணம் வந்ததே அவர்கள் துணியில் மெழுகு வைத்து பாத்திக் போட்டும் கைவினைப் பொருள் செய்தும் விற்றதில்தான். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரம் உள்ள படம் வரைந்து பார்த்தேன். கை தன்னையறியாமல் வலது ஓரத்துப் பூவை இடது ஓரத்தோடு சேர்க்கப் போகிறது.

போன மாதம் ஸ்கூட்டி சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் தம்பி ஆயில் துடைக்க வேஸ்ட் துணி எடுத்தான். கட்டிங்கில் விழுந்த பனியன் துண்டுகள், இங்கே எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் மூட்டையாகக் கிடக்கும். கையில் இருந்த துண்டில் குட்டிக் குட்டியாக மீன். என்னுடையது இல்லை. "அதைக் கொஞ்சம் குடு தம்பி" என்றேன். "இது அழுக்குங்கக்கா" என்று மூட்டைக்குள் கையை விட்டு அதே மீனில் பெரிய துண்டாக ஒன்று எடுத்துக் கொடுத்தான். மூன்றே நிறம். பாதி மீன் மேலே, பாதி கீழே. வீட்டில் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். அளவுகோல் வைத்துப் பார்த்தாயிற்று, கண்ணைச் சுருக்கி வாசற்படியிலிருந்தும் பார்த்தாயிற்று. எங்கே சேர்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை.