இமேஜ் ப்ராசஸிங்கை எஃப்பிஜிஏவில் செய்ய முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"மேட்லாபில் எட்ஜ் டிடெக்‌ஷன் வரை முடித்துவிட்டேன், அதையே எஃப்பிஜிஏவில் செய்யச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஈசிஇ கடைசி வருஷம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் நாலு பேர் இந்நேரம் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டியிருப்பார்கள். நீங்கள் கட்டாமல் இங்கே வந்து கேட்கிறீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு: எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி மாற்றிக்கொள்ளும் சிப், எட்ஜ் டிடெக்‌ஷன் என்பது படத்தில் உள்ள பொருட்களின் விளிம்புகளைக் கண்டுபிடிப்பது.

மேட்லாபில் படத்தைத் திறந்தவுடன் அது முழுசாக மெமரியில் இருக்கும். எந்த மூலைப் பிக்சலையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கேமரா அப்படிக் கொடுக்காது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று க்ளாக் தட்டத் தட்ட ஒவ்வொரு பிக்சலாக வந்துகொண்டே இருக்கும். பிடிக்காமல் விட்டால் போனது போனதுதான். ஹார்டுவேரில் படம் என்று ஒன்று கிடையாது, பிக்சல்களின் வரிசைதான் உண்டு. இது மண்டையில் ஏறாதவரை, சர்க்யூட்டை எழுதும் மொழியான வெரிலாக்கை எத்தனை மாதம் படித்தாலும் ஃபார் லூப்பைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

விளிம்பு கண்டுபிடிக்கும் சோபெல் மாதிரி 3×3 ஃபில்டருக்கு, ஒரு பிக்சலும் அதைச் சுற்றியுள்ள எட்டும் சேர்த்து ஒன்பது பிக்சல் வேண்டும். அதற்கு முழுப் படத்தையும் சேமிக்கத் தேவையில்லை. முந்தைய இரண்டு வரிகளை லைன் பஃபரில், அதாவது வரியை மட்டும் பிடித்துவைக்கும் சின்ன மெமரியில் வைத்துக்கொண்டு, அந்த ஒன்பது பிக்சலுக்கு ஒன்பது ரெஜிஸ்டர் போட்டால் போதும். 640 பிக்சல் அகலம், எட்டு பிட் கிரே என்றால் இரண்டு வரிக்கு 1,280 பைட். முழு ஃப்ரேம் 640×480 என்றால் 3,07,200 பைட். பல கல்லூரிகளில் இருக்கும் பேஸிஸ் 3 என்ற எஃப்பிஜிஏ போர்டில், சிப்புக்குள்ளேயே இருக்கும் மெமரியான ப்ளாக் ராம் மொத்தமே 1,800 கிலோபிட், அதாவது 225 கிலோபைட். ஒரு ஃப்ரேம்கூட உள்ளே போகாது. 'மெமரி பத்தவில்லை' என்று எர்ரர் வந்து நிற்கும் ப்ராஜெக்டுகளில் பாதி இந்தக் கணக்கைப் போடாதவைதான்.

இதை நான் கல்லூரியில் கற்கவில்லை. எங்கள் லேபில் எஃப்பிஜிஏ போர்டுகள் இல்லாமல் இல்லை, கண்ணாடி பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. அக்ரெடிடேஷன் குழு வரும் அன்று துடைத்து மேஜையில் வைப்பார்கள், கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி பூட்டு. எங்களுக்குக் கிடைத்தது ரெக்கார்டு நோட்டு. கம்ப்யூட்டரில் பார்க்காத வேவ்ஃபார்மைப் பென்சிலும் ஸ்கேலும் வைத்து வரைந்தோம். மார்ஜின் போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்களே தவிர, வேவ்ஃபார்ம் சரியா என்று யாரும் பார்த்ததில்லை. அந்த லேப் ஃபீஸை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்து, அரிசி ஆலைகளுக்குக் கலர் சார்ட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். கடையில் அரிசி மூட்டையில் 'சார்ட்டெக்ஸ்' என்று போட்டிருக்கும் பாருங்கள், அந்த வேலையைச் செய்யும் மெஷின். சரிவில் இறங்கும் அரிசியைக் கேமரா பார்க்கும், கறுப்பு, பழுப்பு, கல் எது வந்தாலும் கீழே உள்ள ஏர் வால்வு ஊதித் தள்ளும்.

இதில் இருப்பது லைன் ஸ்கேன் கேமரா. ஒரே வரி, 2,048 பிக்சல். அரிசி நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் விழுகிறது, கேமரா நொடிக்குப் பத்தாயிரம் வரி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அரிசி 0.3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். ஆறு மில்லிமீட்டர் அரிசி இருபது வரியில் முடிந்துவிடும். வால்வு பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால், பார்த்து, முடிவெடுத்து, வால்வைத் திறக்க எல்லாம் சேர்த்து முப்பது மில்லிசெகண்டுதான்.

'இதற்கெல்லாம் ஜிபியு போதுமே' என்று கமெண்டில் ஒருவர் வருவார். போதும், நான் மறுக்கவில்லை. சராசரி வேகத்தில் ஜிபியு என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் இங்கே சராசரியால் பிரயோஜனமில்லை. ஒரே ஒரு முறை ஐந்து மில்லிசெகண்டு தாமதமானாலும் கறுப்பரிசி தப்பித்துவிடும், பின்னால் வரும் நல்ல அரிசி பறக்கும். எஃப்பிஜிஏவில் எத்தனையாவது க்ளாக்கில் விடை வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம்.

காங்கேயம் பக்கம் ஒரு ஆலையில் நல்ல அரிசி அதிகமாக ரிஜெக்டில் போகிறது என்று கூப்பிட்டார்கள். நாங்கள் போய் த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு கறுத்தால் தள்ளுவது என்ற அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெஷின் ஓட்டும் அண்ணன்தான் காட்டினார்: "தம்பி, அந்த ஒரு வால்வு மட்டும் நிக்காம அடிக்குதுங்க." காது கொடுத்துக் கேட்டால் மற்ற வால்வுகள் விட்டு விட்டு அடிக்கின்றன, அது மட்டும் படபடவென்று ஒரே மூச்சாக. கேமரா முன்னால் இருக்கும் கண்ணாடியில் தவிட்டுத் தூசி ஒட்டியிருந்தது. வைப்பர் வந்து துடைக்கும்வரை அந்த இடம் கேமராவுக்கு முடிவில்லாத கறுப்பரிசி.

சீனியர் ஒருவர் படத்தை பிசிக்கு அனுப்பி தூசியைக் கண்டுபிடிக்கலாம் என்றார். நான் ஒவ்வொரு பிக்சல் நிலைக்கும் ஒரு கவுண்டர் வைக்கலாம் என்றேன். பிக்சல் கறுப்பாக இருந்தால் ஒன்று கூட்டு, வெளுத்தால் பூஜ்யம். அரிசி என்றால் இருபது சொச்சத்தில் பூஜ்யமாகிவிடும். அறுபதைத் தாண்டினால் அது அரிசி இல்லை, அந்த இடத்தைக் கணக்கில் எடுக்காதே, வைப்பரைக் கூப்பிடு. 2,048 கவுண்டர், ஆளுக்கு ஆறு பிட், ஒரு ப்ளாக் ராமில் பாதிகூட நிரம்பாது. ஒரு போர்ட்டில் படித்து இன்னொரு போர்ட்டில் எழுத வேண்டும், படித்த மதிப்பு ஒரு க்ளாக் தள்ளி வரும் என்பதால் பிக்சலையும் ஒரு க்ளாக் தாமதிக்க வேண்டும், அவ்வளவுதான் சிக்கல். வேலை செய்தது. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று சொல்ல வரவில்லை. படமே சேமிக்காமல் படத்தைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்க முடியும் என்று காட்டத்தான் இதை எழுதினேன்.

உங்களுக்கு: முதலில் மேட்லாப் கோடில் இருக்கும் தசமப் புள்ளிகளை ஒழியுங்கள். கிரேவுக்கு 0.299, 0.587, 0.114 என்று பெருக்குவதற்குப் பதில் 77, 150, 29 என்று பெருக்கி, கூட்டி, எட்டு பிட் வலப்பக்கம் தள்ளுங்கள். சோபெலில் வர்க்கமூலம் வேண்டாம், இரண்டு திசை மதிப்புகளின் குறியை நீக்கிக் கூட்டினால் போதும். ஒன்பது பிக்சலின் சராசரிக்காக ஒன்பதால் வகுக்க வேண்டுமானால் 57ஆல் பெருக்கி ஒன்பது பிட் தள்ளுங்கள். இந்த முழு எண் கோடை மேட்லாபிலேயே ஓட்டி விடையை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தை ஹெக்ஸ் டெக்ஸ்ட் ஃபைலாக மாற்றி டெஸ்ட்பெஞ்சில், அதாவது உங்கள் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கும் கோடில் ஊட்டுங்கள். வரும் விடை பிட்டுக்குப் பிட் பொருந்த வேண்டும், 'கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறது' என்பது செல்லாது. அதுவரை கேமராவைத் தொடாதீர்கள். சி மாதிரி மொழியில் எழுதினால் அதைச் சர்க்யூட்டாக்கித் தரும் ஹெச்எல்எஸ் டூல் இருக்கிறதே என்பவர்களுக்கு: பயன்படுத்துங்கள், ஆனால் லைன் பஃபர் எங்கே என்று அதற்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வைவாவில் ஓரப் பிக்சல்களை என்ன செய்தாய் என்று கேட்க நிறைய வாய்ப்பு உண்டு. சுற்றி எட்டு பேர் இல்லாத முதல் வரி, கடைசி வரி, இரண்டு பக்க ஓரம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டேன் என்று நேராகச் சொல்லுங்கள். மேட்லாபின் ஃபில்டர் ஃபங்ஷன் படத்துக்கு வெளியே பூஜ்யம் இருப்பதாக வைத்து ஓரத்துக்கும் கணக்குப் போடும், அதனால் ஒப்பிடும்போது அந்த ஒரு பிக்சல் ஓரத்தை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.