மலத்தபாய் புதன் சந்தை: கேள்வி பதில்

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில், டுமகெட்டே நகரத்துக்குப் பக்கத்தில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். இங்கே வாரச் சந்தையைத் ‘தபோ’ என்பார்கள். அதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

அக்கா, நீக்ரோஸ் பக்கம் வந்தால் எந்தச் சந்தைக்குப் போகலாம்? எப்படிப் போவது?

யோசிக்காமல் மலத்தபாய்க்குப் போங்கள். டுமகெட்டேயிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர், சம்போவாங்கீத்தா ஊரைச் சேர்ந்த கடலோர இடம். புதன்கிழமை மட்டும்தான். தெற்கே கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸிலோ, ஜீப்னி என்னும் ஷேர் வண்டியிலோ ஏறி, கண்டக்டரிடம் “மலத்தபாய்” என்று சொன்னால் போதும். மெயின் ரோட்டில் இறங்கி, கூட்டம் போகும் திசையில் கடலைப் பார்த்து நடந்தால் சந்தைதான். விடிந்ததும் அங்கே இருக்கப் பாருங்கள். மதியம் போனால் சாப்பாட்டுக் கடைகளையும் துணிக் கடைகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

டுமகெட்டேயிலேயே தினசரி மார்க்கெட் இருக்கிறதே? இதில் அப்படி என்ன விசேஷம்?

தினசரி மார்க்கெட்டில் கடைக்காரர் விற்பார், நாம் வாங்குவோம். தபோவில் விற்கிறவரே வாங்கவும் வந்திருப்பார். மேலே மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் சேம்பு, மரவள்ளி, வாழைத்தார், இஞ்சி, கோழி என்று இறக்குவார்கள். கடலோரத்துக்காரர்கள் பச்சை மீன், கருவாடு, உப்பில் ஊறிய ‘கினமோஸ்’ மீன் விழுது என்று பரப்புவார்கள். காலையில் வாழைத்தார் விற்ற அம்மா, அந்தக் காசில் ஒரு வாரத்துக்கான கருவாட்டைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். எதிரே தெரியும் ஆப்போ தீவிலிருந்தும் படகில் வந்து அரிசி, காய்கறி வாங்கிப் போவார்கள். மலையும் கடலும் ஒன்றுக்கொன்று சோறு போடுவதை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சுற்றுலாவுக்காக உண்டான சந்தை இல்லை இது, அந்த நினைப்போடு போங்கள்.

மாட்டுச் சந்தை பெரிதாக நடக்குமாமே? எங்கள் வீட்டில் மாட்டு வியாபாரம், அதனால் கேட்கிறேன்.

அப்படியானால் நீங்கள் அங்கேதான் முதலில் போக வேண்டும், தம்பி. மாடு, எருமை, ஆடு, பன்றி, சண்டைச் சேவல் எல்லாம் வரும். இங்கே எருமையை உழவுக்கும் பாரம் இழுக்கவும் வைத்திருப்பார்கள், அதனால் கால், தோள், நடை என்று நிதானமாகப் பார்ப்பார்கள். விலை பேசி முடிந்ததும் கயிறு கைமாறும், ஆனால் வேலை அதோடு முடியாது. 1974-ல் வந்த கால்நடைத் திருட்டுத் தடுப்புச் சட்டப்படி மாடு, எருமை, குதிரைக்கெல்லாம் உரிமைச் சான்றிதழ் வேண்டும், விற்றால் அதை மாற்றிப் பதிய வேண்டும். ஒரு குடும்பத்தின் சேமிப்பே அந்த எருமைதான் என்னும்போது, இந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பன்றிகளுக்கு வேறு கவலை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2019-ல் இந்த நாட்டுக்குள் வந்தது. சிறு விவசாயிகள் நிறையப் பேர் அதில் நொடிந்துபோனார்கள். பன்றி இறைச்சியைத் தீவு விட்டுத் தீவு கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு, ஆகவே விசாரிக்காமல் பார்சல் கட்டாதீர்கள்.

பேரம் பேசலாமா? மொழி தெரியாதே.

பேசலாம், மெதுவாக. “தக்பிலா நி?” என்றால் இது என்ன விலை. “புவேதே ஹங்யோ?” என்றால் குறைக்கலாமா. எண்கள் ஸ்பானிய மொழியில் வரும்: பெய்ன்தே 20, சிங்க்வெந்தா 50. காய்கறி, கீரைக்குப் பேரமே வேண்டாம் என்பேன். விடியற்காலையில் மலையிலிருந்து சுமந்து வந்தவரிடம் 5 பெசோ குறைத்து நமக்கு என்ன ஆகப் போகிறது? பாய், கத்தி, துணிக்குக் கேட்டுப் பாருங்கள். 1000 பெசோ நோட்டை நீட்டாதீர்கள், சில்லறை இருக்காது. 20, 50, 100 என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை மா, ஆனால் கவனம். சந்தையின் பெரிய வாசனையே லெச்சோன்தான். முழுப் பன்றியின் வயிற்றில் எலுமிச்சைப் புல்லும் பூண்டும் வைத்து, கழியில் கோத்துக் கரி நெருப்பில் சுற்றிச் சுடுவார்கள், கிலோ கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். அந்த வரிசையைக் கடந்து போய்விடுங்கள். தென்னங்குருத்து ஓலையில் கட்டி வேகவைத்த ‘பூசோ’ சோறு உங்களுக்கு ஆகும். தேங்காய்ப்பாலில் வெந்த, ஒட்டும் தன்மையுள்ள அரிசியை இலையில் சுருட்டிய ‘புட்புட்’, சூடான கொக்கோ பானமான ‘சிக்வாத்தே’ இரண்டும் சேர்ந்தால் அருமையான காலை உணவு. வாழைப்பழம் இருக்கவே இருக்கிறது. முருங்கைக் கீரைக் குழம்பையும் பாசிப்பயற்றையும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே கருவாடோ பன்றித் துண்டோ கிடக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சிவப்பாக ஒரு கள் விற்பார்களாமே?

‘தூபா’. தென்னங்கள்தான், ஒரு மரப்பட்டையைப் போடுவதால் சிவப்பு. நாள் ஆக ஆகக் கடுக்கும், கடைசியில் வினிகராகும். வெயிலில் வெறும் வயிற்றில் வேண்டாம்.

என் மகள் பிலிப்பைன்ஸின் தவாவ் நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறையில் தோழிகளோடு வருகிறாள். இந்தியர்களை ‘பும்பாய்’ என்று கூப்பிடுவார்களாம், பயமாக இருக்கிறது.

கூப்பிடுவார்கள், மறைக்க மாட்டேன். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ‘ஃபைவ்-சிக்ஸ்’ கடன் கொடுக்கும் இந்தியர்களை, பெரும்பாலும் பஞ்சாபியர்களை, சந்தைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 5 வாங்கினால் 6 திருப்பித் தர வேண்டும். அந்தப் பழக்கத்தில் வரும் கூப்பாடு அது. பெரும்பாலும் பகை இருக்காது, ஆனாலும் காதில் விழும்போது வலிக்கும். மகளிடம், வயதில் மூத்த பெண்களை “நாங்”, ஆண்களை “நோங்” என்று அழைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மரியாதைக்கு இந்த மக்கள் காட்டும் அன்பை நான் நாள்தோறும் அனுபவிக்கிறேன். படம் எடுக்கும் முன் கேட்கச் சொல்லுங்கள், கடன் வாங்கி நிற்கிறவர் முகத்தை யாரும் படமெடுக்க வேண்டாம்.

அதே நாளில் ஆப்போ தீவுக்கும் போக முடியுமா?

முடியும், படகுகள் அந்தக் கரையிலிருந்தேதான் கிளம்புகின்றன. தீவு மீனவர்களும் டுமகெட்டேயில் உள்ள சில்லிமன் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் அறிஞர் ஏஞ்சல் அல்காலாவும் சேர்ந்து, 1982 வாக்கில் அங்கே மீன்பிடிக்காத பகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். அதன் பலன் சுற்றுக் கடலிலும் தெரிந்தது. ஆமைகளைப் பார்க்கலாம், தொடக்கூடாது. காற்று கிளம்பினால் கடல் முரண்டும், அதனால் சந்தையை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டுப் படகேறுங்கள்.

என்ன வாங்கி வரலாம்?

தாழை ஓலைப் பாய், உள்ளூர்க் கொக்கோ வில்லைகள். ‘சுந்தாங்’ என்னும் அரிவாளும் நன்றாக இருக்கும். பழைய லாரிகளின் இரும்பு ஸ்பிரிங் பட்டைகளை அடித்துச் செய்வது, பல வருடம் உழைக்கும். விமானத்தில் அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.